வில்லிக்குக் கொடுத்த மெட்டு

அத்தியாயம் 14

சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு அந்தக் கூடத்தில் ஆறு பேர் இருந்தார்கள்.

மாமனார் டிவிக்கு நேர் எதிரே, கை வைத்த நாற்காலியில். அது அவருடைய நாற்காலி. அவர் இல்லாத நேரத்தில் அதில் துணி மடித்து வைப்பார்களே தவிர, ஒருவரும் உட்கார மாட்டார்கள். மாமியார் அவருக்கு வலப்பக்கம், சோபாவின் நுனியில், எந்த நிமிஷமும் அடுப்படிக்கு எழுந்து போகத் தோதாக. சோபாவின் மறுகோடியில் கணவன், கையில் ரிமோட்டுடன். மேல்மாடித் தையற்காரம்மா வாசல்நிலையில் சாய்ந்து, மடியில் ஓரம் தைக்க வேண்டிய திரைச்சீலையோடு. ஆறு வயது மகள் தரையில், கண் கெட்டுப் போகும் என்று தினமும் திட்டு வாங்கும் தூரத்தில்.

சோபாவின் நடுவில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. மருமகள் அங்கே உட்காரவில்லை. சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்து, எல்லாருக்கும் பின்னால் சுவரோரம் போட்டுக்கொண்டாள். அங்கிருந்து டிவியும் தெரியும், டிவி பார்க்கிறவர்களின் பிடரியும் தெரியும்.

அவள் ஏன் அப்படி உட்கார்ந்தாள் என்பது சென்ற வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சுருக்கமாக.

அவளுக்குக் குடிநீர் வாரியத்தில் புகார்ப் பிரிவில் வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தது கலங்கலாக வந்தது என்று ஊரார் எழுதும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது. பதினோரு வருஷமாக அதுதான். அவளுக்கு இடது கால் வலது காலைவிட முக்கால் அங்குலம் குட்டை. சின்ன வயதுக் காய்ச்சலில் வந்தது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, மறைப்பதும் இல்லை.

மாமனார் டிவி தொடர்களுக்கு இசை போடுகிறவர். அவருக்கு ஒரு பழக்கம். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தீம் போட்டு வைத்திருப்பார், தொடரில் கதாபாத்திரங்களுக்குப் போடுகிற மாதிரியே. ஆள் உள்ளே நுழையும்போது பின்னறையிலிருந்து கீபோர்டில் அதை வாசிப்பார். கல்யாணமாகி வந்த நாலாவது நாள், அவள் பதினாறு படியும் ஏறி வருவதைக் கேட்டு, ஒரு நீளம் ஒரு குட்டை, ஒரு நீளம் ஒரு குட்டை, கடைசிப் படியில் ஒரு சின்னத் துள்ளல் என்று புல்லாங்குழல் ஒலியில் வாசித்தார். தாஅம் த, தாஅம் த, தரிதாம். அதுவரை அவள் நடையைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள், பாவப்பட்டிருக்கிறார்கள். யாரும் பாட்டாக்கியதில்லை. அன்றைக்குக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அவள் அழுதது சந்தோஷத்தில்தான்.

இந்த ஒரு மாதமாக அலுவலகத்தில் ஏதோ நடக்கிறது. கோப்பு அலமாரிக்கும் தன் மேஜைக்கும் இடையே அவள் நடக்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் வாய்க்குள் முணுமுணுக்கிறார். உற்றுக் கேட்டால் அது அவளுடைய மெட்டு. வீட்டுக்குள் இருப்பது எப்படி வெளியே போனது? அலுவலகக் குடும்ப விழாவில் மகள் பாடியிருப்பாள், அதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று அவள் தேற்றிக்கொண்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நேற்று மாலை, ஆவணக்காப்பாளர் முணுமுணுத்ததும் பக்கத்து மேஜையில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்களே, அப்போதுதான் பெருமை கழன்றது.

மாமனாரின் தொடர் வார நாட்களில் பகல் பன்னிரண்டரைக்கு வருவது. அந்த நேரத்தில் அவள் யாரோ ஒருவருடைய அடைபட்ட சாக்கடைக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பாள். மாலையில் மகளின் வீட்டுப்பாடம் முடியும்வரை டிவி கூடாது என்று சட்டம் போட்டவளும் அவளே. ஆகவே நூறாவது பகுதி சனிக்கிழமை சிறப்பு ஒளிபரப்பு என்று தெரிந்ததும், இன்றைக்கு நானும் பார்க்கிறேன் என்றாள். அப்படிச் சொன்னபோது சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் குடித்தார்கள்.

தொடர் ஆரம்பித்தது. முகப்புப் பாட்டில் மாமனாரின் பெயர் தனியாக, முழுத்திரையில் வந்தது. பன்னிரண்டு வருஷம் வேறொருவர் பெயருக்குக் கீழே உதவி என்று வந்துகொண்டிருந்த பெயர். தையற்காரம்மா கை தட்டினாள். மாமனார் தட்ட வேண்டாம் என்று கையசைத்தார், நன்றாகத் தட்டு என்கிற மாதிரி.

கதாநாயகி ஒரு அலமாரியைத் திறந்து பத்திரம் தேடிக்கொண்டிருந்தாள். வேறொன்றும் நடக்கவில்லை. திடீரென்று தரையில் உட்கார்ந்திருந்த மகள் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டாள். பிறகுதான் அந்த இசை வந்தது. பெரிய வயலின் ஒன்றை வயிற்றிலிருந்து இழுக்கிற மாதிரி, அடிக்குரலில், மெதுவாக.

தாஅஅம்... த. தாஅஅம்... த.

மருமகளின் காதுக்கு முன்னால் காலுக்குத் தெரிந்தது. குட்டைக் கால் நாற்காலிக்கு அடியில் தானாக உள்ளே இழுத்துக்கொண்டது.

“வந்துட்டா பாரு, படுபாவி,” என்றாள் தையற்காரம்மா ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு. “எனக்கு முகமே பார்க்க வேணாம். இந்தச் சத்தம் வந்தாலே வயித்தைக் கலக்குது. எங்க வீட்டுக்காரர் பாத்ரூம்ல இருந்து கேப்பாரு, வில்லி வந்துட்டாளான்னு.”

திரையில் மாடிப்படியில் ஒரு பெண் இறங்கி வந்தாள். உயரமான குதிகால் செருப்பு. முதுகு நிமிர்ந்து, ஒரு பிசகும் இல்லாத நேரான நடை.

மருமகள் மூன்று பிடரிகளையும் பார்த்தாள். நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த மாமனாரின் விரல் நின்றுவிட்டது. கணவனின் கழுத்து ஓர் அங்குலம் உள்ளே போனது. மாமியார் எழுந்தாள், அடுப்பில் ஒன்றும் இல்லை என்று நினைவு வந்து உட்கார்ந்தாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதிலைக் கேட்டு வாங்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

விளம்பரம் வரும்வரை அவள் காத்திருந்தாள். பாதியில் குறுக்கிடுவது அவள் வழக்கமில்லை. நாலு பக்கப் புகார்க் கடிதத்தையும் கையெழுத்துவரை படிக்கிறவள் அவள். விளம்பரம் வந்ததும் கணவனிடம் சத்தத்தை அணைக்கச் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டுத் தையற்காரம்மா, இஸ்திரிப் பெட்டியைச் சூட்டில் வைத்துவிட்டு வந்தேனோ என்னவோ என்று எழுந்து போனாள். மகளை மாமியார் உள்ளே அனுப்பினாள்.

“அது என்னுது,” என்றாள் மருமகள்.

மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் அன்றைய கோபத்தை இன்னும் கிளறியது. நடந்ததை அப்படியே சொன்னார். டைரக்டர் ஒரு நாள் காலையில் போன் செய்து, புது வில்லி வருகிறாள், மறுநாளைக்குள் தீம் வேண்டும் என்றாராம். தீம் என்றால் எப்படி? அடுப்படியில் டிவிக்கு முதுகைக் காட்டி நிற்கிறவளுக்கும் யார் வந்தது என்று தெரிய வேண்டும், திரும்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவள் கை கரண்டியோடு நிற்க வேண்டும். பகல் முழுக்க உட்கார்ந்தும் ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு மருமகள் படியேறி வந்தாள். வழக்கம்போல் கை தானாகக் கீபோர்டுக்குப் போனது. அன்றைக்குக் குழல் ஒலிக்குப் பதில் பெரிய வயலின் ஒலி வைத்திருந்தது. வேகமும் குறைத்து வைத்திருந்தது. அவ்வளவுதான்.

“ஆனா அது வேற மெட்டும்மா. சுருதி வேற, காலம் வேற, வாத்தியம் வேற. தொழில் தெரிஞ்சவன் யாரும் ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டான்.”

தொழில் தெரியாதவர்கள் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் அலுவலகக் கதையைச் சொன்னாள். ஆவணக்காப்பாளர் முணுமுணுத்தது, பக்கத்து மேஜை குலுங்கியது, குடிதண்ணீர் எடுக்கப் போனால் அங்கேயும் அது காத்திருந்தது, எல்லாம் தேதி வாரியாக.

“அவங்களுக்கு நீங்க சொல்லிக் குடுக்கல மாமா. என் கால் சொல்லிக் குடுத்திருக்கு. நான் நடக்கிறேன், அவங்களுக்கு டிவி ஞாபகம் வருது.”

“அந்தப் பொண்ணு நொண்டவே இல்லையேம்மா. நீயே பார்த்தியே, எவ்வளவு நேரா நடக்கிறா.”

“அதைத்தான் நானும் சொல்றேன். அவ நேராத்தான் நடக்கிறா. பாட்டுதான் நொண்டுது. பயம் அவ முகத்துல இல்லை, நொண்டுறதுல வெச்சிருக்கீங்க.”

மாமனார் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் அவருக்குச் சும்மா இருக்க வராது. சமமான தாளத்தைக் கேட்டால் மனுஷன் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான், ஒரு பக்கம் இழுக்கிற தாளம்தான் வயிற்றில் போய் உட்காரும், இது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த சூட்சுமம் என்று விளக்க ஆரம்பித்தார். பாதியில் தான் யாரிடம் விளக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது.

“நாலாவது நாள் எனக்கு வாசிச்சீங்களே,” என்றாள் அவள். “அப்பவும் உங்களுக்கு வயித்துல போய் உக்காந்துச்சா?”

“இல்லம்மா. சத்தியமா இல்ல. அன்னிக்கு அது சந்தோஷமா இருந்துச்சு.”

“அப்ப அந்தச் சந்தோஷத்தை எதுக்கு எடுத்து அவகிட்டக் குடுத்தீங்க?”

பதிலுக்குப் பதிலாக அவர் ஒரு சமாதானம் வைத்தார். உனக்குப் புதுசாக ஒன்று போட்டுத் தருகிறேன், இதைவிட அழகாக, இன்றைக்கே. குடிநீர் வாரியத்தில், உங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது, லாரி அனுப்புகிறோம் என்று எழுதுகிற பதிலைப் போல இருந்தது அது. அந்தப் பதிலை ஆயிரம் தடவை எழுதியவள் அவள். வாங்கியது இதுதான் முதல் தடவை.

“மெட்டைப் புதுசாப் போட்டுருவீங்க. காலுக்கு எங்க போவீங்க மாமா?”

இதுவரை வாயைத் திறக்காத மாமியார் அப்போதுதான் பேசினாள். அவள் பேச்சு கோபமாகவே இல்லை. வீட்டுச் சாமான் பட்டியல் சொல்வது போல இருந்தது. முதல் நாளே தனக்குத் தெரிந்துவிட்டது என்றாள். சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? தன்னுடையதற்கே தான் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான புதிதில் இவர் தனக்கென்று ஒரு மெட்டுப் போட்டார், மூன்று வருஷம் வாசித்தார், நாலாவது வருஷம் எறும்புப் பொடி விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டார்.

மருமகளுக்கு அந்த விளம்பரம் தெரியும். ஊருக்கே தெரியும். எறும்புகள் வரிசையாக மல்லாந்து விழும்.

“முப்பத்தாறு வருஷமா எறும்பு சாகும்போதெல்லாம் நான் வர்றேன்,” என்றாள் மாமியார். “இவருக்கு அது நல்லா ஓடின மெட்டு. எனக்கு, கடைக்குப் போனா அந்த டப்பா இருக்கிற வரிசைப் பக்கம் போறதில்ல.”

மாமனார் மனைவியைப் பார்த்தார். இது அவருக்குப் புதிய செய்தி என்பது முகத்தில் தெரிந்தது.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் மருமகள் கீழே போனாள், கொடியில் துணி காய்ந்துவிட்டதா பார்க்க. துணி காயவில்லை. ஈரத்துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றாள். விட்டுவிடலாம் என்றுகூட ஒரு யோசனை ஓடியது. கிழவர் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து ஒரு பெயர் சம்பாதித்திருக்கிறார். தொடர் இன்னும் ஒரு வருஷம் ஓடும், பிறகு ஓயும். மாமியார் முப்பத்தாறு வருஷம் எறும்போடு வாழ்ந்திருக்கிறாள். தான் ஒரு வருஷம் வாழ முடியாதா?

இந்த யோசனையோடு அவள் படியேறினாள். யோசனை இருந்ததால் மெதுவாக.

பத்தாவது படியில் மேலே பார்த்தால் மகள் நிற்கிறாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கதவுக்குள் பாதியும் வெளியில் பாதியுமாக.

“அம்மா, வேகமா ஏறு.”

“ஏண்டி?”

“வேகமா வந்தா நீ. மெதுவா வந்தா அவ.” குழந்தை அதைக் குறையாகச் சொல்லவில்லை. ரோட்டைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கச் சொல்வது போல, அம்மாவுக்கு ஒரு நல்ல வழி சொல்லிக் கொடுத்தது.

மருமகள் அதே படியில் நின்றாள். இந்த ஒரு மாதமாகச் சாயங்காலங்களில் மகள் அந்த மெட்டைப் பாடிக்கொண்டு கதவுக்கு ஓடி வராததும், வயதாகிறது, வெட்கம் வந்துவிட்டது என்று தான் நினைத்துக்கொண்டதும் நினைவுக்கு வந்தன. இன்றைக்கு வேகமாக ஏறிவிடலாம். முப்பத்தைந்து வயதில் பதினாறு படி பெரிதில்லை. நாற்பத்தைந்தில்? இந்தக் கால் வருஷத்துக்கு வருஷம் மெதுவாகத்தான் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் தான் கொஞ்சம் கொஞ்சமாக அவளாக மாறி இந்தக் குழந்தையின் முன்னால் போய் நிற்க வேண்டுமா? தொடர் ஓய்ந்துவிடும். காதில் ஏறியது எப்போது இறங்கும்?

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். மணி ஒன்றே முக்கால். தலைமைத் தபால் நிலையக் கவுண்டர் சனிக்கிழமை நாலு மணிவரை.

மேஜையைத் துடைத்து, வெள்ளைத்தாள் எடுத்து வைத்துவிட்டு, முதலில் பின்னறைக்குப் போனாள். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை அது. அப்பா போடுகிற இசையைச் சேர்த்துக் கலந்து சீராக்கி அனுப்புவது கணவனின் வேலை. அவன் எதையோ சரிசெய்கிற பாவனையில் ஒரு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

எழுதப் போவதாகச் சொன்னாள். டைரக்டருக்கு. அதற்குச் சில விவரங்கள் வேண்டும்: எந்தப் பகுதியிலிருந்து, எத்தனை இடம்.

அவன் அவளைப் பார்க்காமலே ஒரு நோட்டைத் திறந்தான். எழுபத்தெட்டாம் பகுதி. அதிலிருந்து நேற்றுவரை இருபத்திரண்டு இடம். இன்றையது சேர்த்தால் இருபத்து மூன்று.

“கலக்கும்போது எத்தனாவது நொடியில நான்னு தெரிஞ்சுது உங்களுக்கு?”

“முதல் நொடியில.”

“என்ன பண்ணீங்க?”

அவன் ஒயரைக் கீழே வைத்தான். அப்பா கேட்டார், அவளிடம் சொல்லிவிடலாமா என்று. “நான்தான் சொன்னேன், பன்னிரண்டரைக்கு நீ ஆபீஸ்ல இருப்பே, உனக்குத் தெரியவா போகுதுன்னு.”

மாமனார்மேல் இருந்த கோபம் அப்போது இடம் மாறியது. கிழவருக்காவது கேட்கத் தோன்றியிருக்கிறது. அதை வேண்டாம் என்று தடுத்தவன், ஒன்பது வருஷமாகப் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறவன். அவள் சண்டை போடவில்லை. பேனாவை நீட்டி, சொன்ன எண்களை அவன் கையாலேயே ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போடச் சொன்னாள். ஆதாரம் இணைக்காத புகார் தன் மேஜையிலேயே தேங்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும். அவன் எழுதினான். கையெழுத்துப் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசித்தான், போட்டான்.

மூன்று பிரதி எழுதினாள். முதல் பிரதியில் கோபம் அதிகமாக இருந்தது, கிழித்தாள். அழுகையும் கோபமும் இருக்கிற கடிதங்களுக்குத் தன் பிரிவில் பரிசீலிப்பதாகத்தான் பதில் எழுதுவார்கள். இரண்டாவதில், இசை போட்டவர் தன் மாமனார் என்பதை மறைத்திருந்தாள். அவருக்காகத்தான். படித்துப் பார்த்தபோது, இது எப்படி உனக்குத் தெரியும் என்று ஒரே கேள்வியோடு திரும்பி வரக்கூடிய கடிதமாக இருந்தது. அதையும் கிழித்தாள். மூன்றாவது இது:

“ஐயா,

தங்கள் தொடரில் எழுபத்தெட்டாம் பகுதி முதல் நூறாம் பகுதி வரை, எதிர்நாயகி வரும் இருபத்து மூன்று இடங்களில் ஒலித்த இசை, என் நடையைக் கேட்டு உருவாக்கப்பட்டது. விவரம் இணைப்பில். உருவாக்கியவர் என் மாமனார். ஒன்பது வருஷத்துக்கு முன்பு, எங்கள் வீட்டுப் படியில் நான் ஏறுவதைக் கேட்டுப் பிரியமாகச் செய்தார். என் இடது கால் முக்கால் அங்குலம் குட்டை. அந்த இசையில் குட்டையாக விழும் ஒவ்வொரு தட்டும் அந்தக் கால். சந்தேகம் இருந்தால் தங்கள் அலுவலகத்துக்கே வந்து நடந்து காட்டுகிறேன்.

தங்கள் எதிர்நாயகி நேராக நடக்கிறார். இசைதான் விந்துகிறது. விந்தி வருவது கெட்டது என்று பார்ப்பவர்களுக்கு இருபத்து மூன்று முறை சொல்லியிருக்கிறீர்கள். முகத்தைக் காட்டுவதற்கு முன்பே சொல்லியிருக்கிறீர்கள். என் ஆறு வயது மகள் அதைப் படித்துக்கொண்டுவிட்டாள். நான் மெதுவாகப் படியேறினால் பயப்படுகிறாள்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து அந்தப் பாத்திரத்துக்கு அந்த இசை வேண்டாம். வேறு இசை வைக்கலாம், ஓசையே இல்லாமலும் அவர் வரலாம். இசையமைப்பாளரை மாற்றும்படி நான் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் அது என் கோரிக்கைக்குப் பதிலாகாது.

பதினைந்து நாட்களுக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.”

கையெழுத்துப் போட்டு, கூடத்துக்கு எடுத்து வந்து, மாமனாரிடம் கொடுத்தாள். முதுகுக்குப் பின்னால் தபால் போடுகிற பழக்கம் தனக்கு இல்லை, நீங்கள் படித்த பிறகுதான் போகும் என்றாள்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு தடவை. இப்போது அந்த மெட்டு தன் கையில் இல்லை என்றார். சேனல் முன்னோட்டம் முழுக்க அதுதான் ஓடுகிறது, பாதிப் பேர் போனில் அதுதான் அடிக்கிறது, அந்த இசை இல்லாவிட்டால் வில்லியே இல்லை என்று டைரக்டர் போன வாரம்தான் சொன்னார். இந்தக் கடிதம் போனால் அவர் இசையை மாற்றமாட்டார், ஆளைத்தான் மாற்றுவார்.

“என் பேரு இப்பத்தாம்மா தனியா வர ஆரம்பிச்சிருக்கு.”

“தெரியும் மாமா. அதனாலதான் அந்த வரியை எழுதியிருக்கேன். நீங்க எனக்காக ஒரு வரிகூட யோசிக்கல.”

சோபாவின் நுனியிலிருந்த மாமியார், தன் பங்குக்கு எறும்பைப் பற்றி ஒரு வரி சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். ஒரு கடிதத்துக்கு ஒரு கோரிக்கைதான் அத்தை, இரண்டு வைத்தால் இரண்டும் கெட்டுப் போகும், உங்களுக்குத் தனியாக எழுதுவோம் என்றாள் மருமகள். மாமியார் அதை ஒப்புக்கொண்டாள். யாருக்கு எழுத வேண்டும், விலாசம் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கவும் ஆரம்பித்தாள். எதிரே கணவர் உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

மாமனார் எழுந்து பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கீபோர்டுச் சத்தம் வரும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது அவர் கையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது.

“இதையும் அதே உறைக்குள்ள வெச்சுடு. படிக்காத.”

மருமகள் கையை நீட்டவில்லை. அதில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. உண்மைதான், மாற்றிவிடுங்கள் என்றும் இருக்கலாம்; வீட்டுப் பெண்கள் ஏதோ வருத்தத்தில் எழுதியிருக்கிறார்கள், பொருட்படுத்த வேண்டாம் என்றும் இருக்கலாம். இந்த ஒரு மாதம் இந்த வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து அவளுக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்துவிட்டார்கள். இன்னொன்றையும் அவள் கையாலேயே செய்யவைக்கப் பார்க்கிறாரா?

“படிக்காத இணைப்பு என் கடிதத்தோட போகாது மாமா. படிக்கக் குடுங்க, இல்ல தனியா அனுப்புங்க.”

அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தாளைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாமியார் எழுந்து போய் அலமாரியிலிருந்து இன்னோர் உறையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். அவருடைய செருப்பையும் வாசலில் திருப்பி வைத்தாள்.

தபால் நிலையத்தில் கூட்டமில்லை. வரிசையில் மூன்று பேர். நாலாவதாக மருமகள், ஐந்தாவதாக மாமனார். வழியெல்லாம் அவர் பத்தடி பின்னாலேயே வந்தார். அவள் நடக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் வந்திருப்பார். கேட்காமல் வர அவருக்குத் தெரியாது.

ஜன்னலோரப் பசை மேஜையில் அவள் கடிதத்தைப் பிரித்து இன்னொரு தடவை வாசித்தாள். கணவனின் இணைப்பை அடியில் வைத்தாள். மடித்து உறைக்குள் போட்டு, பசை தடவி, ஓரத்தை உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள். பக்கத்தில் மாமனார் தன் உறையைத் தன் கையால் ஒட்டினார். பசை அதிகமாகிவிட்டது, கைக்குட்டையால் துடைத்தார். அவள் பார்க்காதது போல இருந்தாள்.

கவுண்டரில் இருந்தவர் அவளுடையதை நிறுத்துப் பார்த்து, பதிவுத் தபால் முத்திரை குத்தி, ரசீது கிழித்துக் கொடுத்தார். பின்னால் நீண்ட கையிலிருந்து அடுத்ததை வாங்கி, விலாசத்தைப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே விலாசம். ஒரே வீடு மாதிரியும் இருக்கு. ஒண்ணாப் போட்டிருக்கலாமே?”

“எழுதினது ரெண்டு பேர்,” என்றாள் மருமகள்.

மாமனார் தன் உறையின் ஓரத்தை இன்னும் விடவில்லை. கவுண்டர்காரர் லேசாக இழுத்தார். கை விட்டது. முத்திரை விழுந்தது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்திருந்த பைக்குள் போயின. அவளுடையது கீழே, அவருடையது மேலே. மணி நாலாகிவிட்டது என்று சொல்லி, பையின் வாயைச் சுருக்கிக் கட்டி, கவுண்டர்காரர் அரக்கை உருக்கி முடிச்சின் மேல் வைத்தார்.